மூணு மாசமா பந்தை நிறுத்தத்தான் சொல்லிக் கொடுக்கிறாங்களாம்

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த தம்பி ஒருவர் போன் செய்தார். அவர் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் காலையில் ஹாக்கி பயிற்சிக்குப் போகிறாள். "டீச்சர், மூணு மாசம் ஆச்சு. இன்னும் பந்தை நிறுத்து, தள்ளு, நிறுத்து, தள்ளு... இதேதான். ஒரு மேட்ச்கூட ஆடவிடல. பக்கத்து ஊர்ப் பிள்ளைக எல்லாம் டோர்னமென்ட் போய் கப்போட வருது. இவளை நிறுத்திடலாம்னு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

போனில் சுருக்கமாகப் பதில் சொன்னேன். உங்களில் பலர் பிள்ளைகளைக் கிரிக்கெட், சிலம்பம், கேரம், கீபோர்டு என்று எங்கெங்கோ அனுப்புகிறீர்கள். அதனால் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயிற்சியாளர் செய்வது சரி. எனக்கு அவர்மேல் ஒரே ஒரு குறை உண்டு, அதையும் பிறகு சொல்கிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியை இல்லை. இடைநிலை ஆசிரியைப் பயிற்சி முடித்து, ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் மணலிலும் சிலேட்டிலும் எழுத்துப் போட்டுக் கொடுத்தே பணிக்காலத்தைக் கழித்தவள். ஹாக்கி எங்கள் வீட்டுக்குத் தம்பி மூலமாக வந்தது. கல்லூரி அணியில் ஆடினான். இப்போது பேத்தி ஆடுகிறாள். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் படிப்பு. ஆனால் ஒரு பிள்ளை ஒன்றை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் 'பந்தை நிறுத்துவது' என்றால் என்னவென்று பார்ப்போம். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடை. கல்போல இருக்கும். மட்டையில் இடது பக்கம் மட்டும்தான் தட்டை. அந்தப் பக்கத்தால்தான் ஆட வேண்டும், முதுகுப் பக்கம் பட்டால் ஃபவுல். வேகமாக வரும் அந்தப் பந்தை, அந்தக் குறுகிய தட்டைப் பரப்பில் வாங்கி, துள்ளவிடாமல், காலுக்கு எட்டாத தூரத்துக்கு ஓடவிடாமல், அடுத்து அடிக்கத் தோதான இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளை என்ன செய்யும்? பயத்தில் மட்டையை இரும்புப்பிடியாகப் பிடிக்கும். பந்து வந்து மோதி நாலு அடி தள்ளிப் போய் எதிராளியிடம் சேரும். கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து ஒருவர் செங்கல்லைத் தூக்கிப் போட, மேலே நிற்பவர் பிடிப்பார். அவர் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. செங்கல் வரும்போது கையும் அதனோடு கொஞ்சம் பின்வாங்கும். அதனால்தான் நாளெல்லாம் பிடித்தாலும் கை தாங்குகிறது. ஹாக்கியில் பந்தை வாங்குவதும் இதே வித்தைதான். கீழே இருக்கும் வலது கை தளர்ந்திருக்க வேண்டும். மட்டையின் பிடி கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தால் பந்து மேலே எகிறாது, மட்டைக்கும் தரைக்கும் இடையில் அடங்கிவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். கைக்கு வருவதற்குத்தான் மூன்று மாதம். சில பிள்ளைகளுக்கு ஆறு மாதம்.

பிடிக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இடது கை மேலே, வலது கை கீழே. மட்டையைத் திருப்புவது மேலே உள்ள இடது கை. வலது கை ஒரு குழாய் மாதிரி, அதற்குள் மட்டை சுழல வேண்டும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் வலது கைக்காரர்கள் என்பதால் எல்லா வேலையையும் வலது கையாலேயே செய்யப் பார்ப்பார்கள். அப்போது பந்தை இடமும் வலமும் மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டு ஓடும் அந்த டிரிப்ளிங் வராது. நம் நாட்டு ஆட்டக்காரர்களால் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய வித்தை அது. இன்றும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் அதை 'இந்தியன் டிரிப்ளிங்' என்றுதான் சொல்கிறார்கள். அதன் மூலமே இடது மணிக்கட்டுதான்.

இடக்கைப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஹாக்கியில் இடக்கை மட்டை என்று ஒன்று கிடையாது, எல்லோருக்கும் ஒரே மட்டை. அதனால் "எம்புள்ளைக்கு ஒத்து வராது" என்று நினைக்காதீர்கள். திருப்புகிற கையே இடது கை என்பதால் அவனுக்கு அது அனுகூலமாகக்கூட அமையலாம். இடது கையால் எழுதினால் ஸ்கேலால் முட்டியில் அடித்த காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

அடுத்தது நிற்கிற நிலை. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் குனிந்தால் நாற்று நடுவதுபோல இடுப்பில் மடங்கி, முழங்காலை நேராக வைத்துக் குனிவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பார்த்த குனிவு அது. ஹாக்கிக்கு அது உதவாது. முழங்கால் மடங்கி இடுப்பு தாழ வேண்டும். இல்லாவிட்டால் முதுகு போய்விடும், தலையும் நிமிராது. தலை நிமிராதவளுக்குப் பந்து மட்டும்தான் தெரியும். கூட ஆடுகிறவள் எங்கே நிற்கிறாள், எதிராளி எங்கிருந்து வருகிறாள் என்பது தெரியாது. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், பொருள் மண்டையில் ஏறாது. எழுத்து பழகிய பிறகுதான் கண் வரியின் மேல் ஓடும், கதை புரியும். அப்படித்தான் பந்து கைக்குப் பழகிய பிறகுதான் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். அந்த மூன்று மாதத்தில் நடக்கிற வேலை இதுதான், தம்பி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும்.

2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதல் முறையாக 24 நாடுகள். காங்கேயன் காளையைச் சின்னமாக வைத்திருந்தார்கள், மாட்டுக்கார மாவட்டத்துக்காரியான எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. பேத்தியை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தேன். அவள் ஆட்டத்தைப் பார்க்க வந்தாள். நான் ஆட்டத்துக்கு முன்னால் நடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகக் கோப்பை ஆட வந்த பையன்கள், இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று என்ன செய்கிறார்கள்? தள்ளு, நிறுத்து. தள்ளு, நிறுத்து. முதலில் பக்கத்தில், பிறகு தள்ளி நின்று, பிறகு ஓடிக்கொண்டே. "அம்மாச்சி, எங்க சார் செய்யச் சொல்றதேதான் இவங்களும் செய்றாங்க" என்றாள் பேத்தி.

அந்தப் போட்டியில் நம் பையன்கள் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5–1 என்று தோற்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 2–0 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள். பயிற்சியாளர் நம் பக்கத்து மாநிலத்து ஸ்ரீஜேஷ், டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக் வெண்கலத்துக்கும் கோல் காத்தவர். அந்த நான்கு கோலைத்தான் எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். பதற்றத்தில் இருக்கும்போது வரும் பந்தைத் துள்ளவிடாமல் வாங்கியவனை யாரும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டீர்கள்.

பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார். 'டி' வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். மூன்றாமவர் இழுத்து எறிவார், அதுதான் டிராக் ஃபிளிக். பாரிஸில் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் போட்டார், பேப்பரெல்லாம் அவர் படம். நியாயம்தான். ஆனால் நிறுத்துகிறவர் பந்தை ஒரு சாண் இடம் மாற்றி நிறுத்தினால் அந்தக் கோல் இல்லை. அதற்குள் எதிரணிக்காரர்கள் பாய்ந்து வந்துவிடுவார்கள். நிறுத்தினவர் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு இது புதிய பாடம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது ஊர் உலகமெல்லாம் தெரிந்த கதை. ஷீலா ராணி சுங்கத் அம்மா அப்போது கலெக்டர். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதியது பாடப்புத்தகம்வரை போனது. அப்போது பொட்டலில் சாயங்காலம் நடந்த கூத்தை நேரில் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாதிப் பேர் ஓரிரு வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் இறங்கத் தெரியாது! "ஏய், புடி, புடி!" என்று கத்திக்கொண்டே வருவார்கள். வைக்கோல் போரைப் பார்த்து விட்டவர்கள் புத்திசாலிகள். பிறகுதான் கற்றுக்கொடுக்க வந்த பிள்ளைகள் முறையை மாற்றினார்கள். முதலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நட, பிரேக் பிடி. அரைப் பெடல் போடு, காலை ஊன்று. நிறுத்தத் தெரிந்த பிறகுதான் ஸீட்டில் ஏறு. பயம் போனது அந்த வரிசையால்தான். விழ மாட்டோம் என்று தெரிந்தபின் வேகம் தானாக வந்தது. கல்குவாரிக்குப் போன பெண்களும் பூ விற்கப் போன பெண்களும் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள்.

இன்னொரு ஊரைச் சொல்கிறேன், கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். லடாக். அங்கே நம் நாட்டுப் பிள்ளைகள் பனிக்கட்டியின் மேல் ஹாக்கி ஆடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் லே நகரம். குளிர்காலத்தில் குளம் உறைந்து பாறையாகிவிடும். அதன்மேல் கத்தி பொருத்திய காலணியைக் கட்டிக்கொண்டு சறுக்கி ஆடுவார்கள். பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வில்லை. அதன் எடை 156 முதல் 170 கிராம். நம் ஹாக்கிப் பந்தும் ஏறக்குறைய அதே எடை என்பதைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

இயற்கைப் பனி அங்கே இரண்டு, இரண்டரை மாதம்தான் ஆடத் தோதாக இருக்கும். வருடத்துக்கு அவ்வளவுதான் மைதானம்! அந்தக் குறுகிய காலத்திலும் முதலில் மட்டையைக் கையில் கொடுத்து "கோல் போடு" என்று சொல்ல முடியாது. ஐஸ் ஹாக்கியில் முதல் பாடம் விழுவது, விழுந்து எழுவது. அடுத்த பாடம் நிற்பது. சறுக்கிக்கொண்டு போவது எளிது. காலணிக் கத்தியின் விளிம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பனியைச் சீவி, நினைத்த இடத்தில் நிற்பதுதான் கஷ்டம். அந்தக் கத்திக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு விளிம்பு. எதில் எப்போது எடையைப் போடுவது என்று கால் தானாக அறிந்த பிறகுதான் திரும்புவது, பின்னோக்கிச் சறுக்குவது, பக்கை உருட்டுவது எல்லாம். அங்கேயும் மட்டையை மேல் கை திருப்பும், கீழ்க் கை தளர்ந்திருக்கும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும். புதுக்கோட்டைச் சரளை மண்ணுக்கும் லடாக் பனிக்கும் அரிச்சுவடி ஒன்றுதான்.

அந்த ஊர்ப் பெண்கள் அணியாகச் சேர்ந்து 2016-இல் தைவானுக்குப் போய் முதல் சர்வதேசப் போட்டி ஆடினார்கள். செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் போனார்கள். ஓர் ஆட்டத்திலும் வெற்றி இல்லை. அடுத்த ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்சை 4–3 என்று வென்றார்கள், அதுதான் முதல் வெற்றி. 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் வெண்கலம். 'முதல் வருஷமே ஒன்றும் ஜெயிக்கவில்லை, நிறுத்திடலாம்' என்று 2016-இல் அந்த வீடுகளில் யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

இவ்வளவு தூரம் போவானேன், நம் கோவில்பட்டி இருக்கிறது. தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் மட்டுமல்ல, அது ஹாக்கி ஊர். அங்கே தெருவுக்குத் தெரு மட்டை பிடித்த வீடு இருக்கும். செயற்கைப் புல் மைதானம் வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே மண்ணில் ஆடி வளர்ந்த ஊர். அந்த ஊர் மாரீஸ்வரனும், அங்கே விளையாட்டு விடுதியில் தங்கிப் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் போட்டார். அரியலூர் நமக்கு எவ்வளவு தூரம்? அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு வந்தது இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு வராதா?

"செயற்கைப் புல் இல்லாமல் நம் பிள்ளை எப்படி முன்னேறும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1975-இல் உலகக் கோப்பை வென்ற நாடு, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கைப் புல்லில் ஆட்டம் வைத்ததும் ஏழாம் இடத்துக்குப் போனது. புல்தரையில் பந்து தயங்கித் தயங்கி வரும், செயற்கைப் புல்லில் வழுக்கிக்கொண்டு வரும். ஒரே தொடுதலில் வாங்கி அடுத்த தொடுதலில் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் பந்தைக் கூடவே வைத்துக்கொண்டு வித்தை காட்டப் பழகியவர்கள். உடல் வலு, அணியாக ஆடும் முறை என்று வேறு காரணங்களும் உண்டு, தரை ஒன்றையே பழி சொல்ல மாட்டேன். 1980 மாஸ்கோவில் நம் சென்னை பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. அதன் பிறகு அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 41 வருடம் காத்திருந்தோம்.

சரளை மண்ணில் மட்டும் கற்ற பிள்ளைக்குச் செயற்கைப் புல்லில் முதல் நாள் தடுமாற்றம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிடி, நிற்கும் நிலை, தளர்ந்த வலது கை, நிமிர்ந்த தலை இதற்கெல்லாம் கோடி ரூபாய் மைதானம் தேவையில்லை. பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தளம் போதும், ஒரு சுவர் போதும். சுவரில் தள்ளித் திரும்பி வரும் பந்தை வாங்கலாம். மைதானம் வரும்போது வரட்டும். வருகிற அன்று பிள்ளை தயாராக இருக்க வேண்டுமே.

இனி அந்தக் குறையைச் சொல்கிறேன். பயிற்சியாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடிப்படை முக்கியம்தான். அதற்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒரு மணி நேரம் முழுக்க 'நிறுத்து, தள்ளு' என்று வாட்டினால் அது ஆட்டத்தையே வெறுத்துவிடும். 'அ' எழுதச் சொல்லி ஒரு பக்கம் நிரப்பச் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? முதல் வரி அழகாக இருக்கும். மூன்றாம் வரியில் கால் நீளும். பத்தாம் வரியில் அது 'அ' மாதிரியே இருக்காது. அதாவது கடைசி ஏழு வரியில் பிள்ளை தப்பான 'அ'வைப் பழகியிருக்கிறது. அதனால் நான் மூன்று வரிக்கு மேல் எழுதவிட்டதில்லை. பிறகு ஒரு கதை, ஒரு பாட்டு, மறுபடி மூன்று வரி. மைதானத்திலும் இருபது நிமிடம் ஒழுங்காகச் செய்யவிட்டு, மிச்ச நேரம் மூன்றுக்கு மூன்று பேர் சின்ன ஆட்டம் ஆடவிடலாம். சின்ன இடத்தில் ஆடும்போது பந்து அடிக்கடி கைக்கு வரும். கற்றதை எங்கே பயன்படுத்துவது என்று பிள்ளைக்கே புரியும். கப்புக்கான மேட்ச் வேண்டாம். தினமும் ஆட்டம் வேண்டும். இரண்டும் வேறு வேறு.

இன்னொன்றும் உண்டு. தப்பாகப் பிடித்தால் 'மைதானத்தை நாலு ரவுண்டு ஓடு' என்கிறார்கள். ஓடிவிட்டு வந்தால் பிடி சரியாகிவிடுமா? கையைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள், ஐயா.

கப் வாங்கி வருகிற பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் போட்டிகளில் ஜெயிக்க ஒரு குறுக்குவழி உண்டு. எலும்பு பெருத்த, சீக்கிரம் வளர்ந்துவிட்ட இரண்டு மூன்று பிள்ளைகளைப் பிடித்து, ஓங்கி அடிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். பந்து போகிற வேகத்துக்கு எதிரணிப் பிள்ளைகள் ஒதுங்கிவிடும். கப் வரும், படம் எடுக்கலாம், ஃபிளெக்ஸ் வைக்கலாம். மணிக்கட்டு நயமாக இருக்கிற ஒல்லிப் பிள்ளை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். பதினாறு வயதில் எல்லோரும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது ஓங்கி அடிப்பது மட்டும் தெரிந்தவனுக்கு வேறு ஒன்றும் கையில் இருக்காது. அந்த ஒல்லிப் பிள்ளையோ எப்போதோ வீட்டுக்குப் போயிருக்கும். ஊருக்கு ஊர் நடக்கிற கதை இது.

பள்ளிக்கூடங்களையும் ஒரு வார்த்தை கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கால அட்டவணையில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருந்தது. டிசம்பர் தாண்டினால் கணக்கு சார் ஒன்றை எடுத்துக்கொள்வார், அறிவியல் டீச்சர் ஒன்றை எடுத்துக்கொள்வார். கேட்டால் "ரிசல்ட் வேணுமே" என்பார்கள். உடற்கல்வி ஆசிரியருக்கு ஸ்காலர்ஷிப் பட்டியல் எழுதுவது, விழாவுக்குப் பந்தல் போடுவது என்று வேறு வேலை. வாரத்தில் ஒரு நாள் மட்டையைத் தொடுகிற பிள்ளைக்கு மணிக்கட்டு எப்படிப் பழகும்? வாரம் ஒரு முறை மட்டும் தமிழ் பீரியட் வைத்தால் நம் பிள்ளை வாசிக்குமா?

தம்பி, உன்னிடம் ஒன்று நேராகச் சொல்கிறேன். கோபப்படாதே. உன் வீட்டில் பேச்சு 'மூணு மாசமா நிறுத்துறதே' என்பதில் ஆரம்பித்தாலும், உள்ளே இருப்பது அது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். டிராயர் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுகிறாள், வெயிலில் கறுக்கிறாள், நாலு பேர் பார்க்கிறார்கள், உன் அம்மா ஏதாவது சொல்லியிருப்பார்கள். இது உன் வீட்டில் மட்டும் இல்லை. ஏழாம் வகுப்புவரை மைதானம் நிறையப் பெண் குழந்தைகளைப் பார்ப்பேன், ஒன்பதாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணலாம். சரியாகக் கைக்குப் பந்து அடங்க ஆரம்பிக்கிற நேரத்தில் கூப்பிட்டுக்கொள்கிறோம். பையனாக இருந்தால் 'இன்னும் ரெண்டு வருஷம் பார்க்கட்டும்' என்று சொல்லியிருப்பாயா, மாட்டாயா? உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். அறிவொளி சைக்கிள் நினைவிருக்கிறதா என்று கேட்கிறேன். அவர்கள் ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

'விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமா டீச்சர்?' என்று அடுத்த கேள்வி வரும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கணக்கைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் இப்போதே ஏற்றாதே. வேலைக்காக மட்டையைப் பிடிக்கிற பிள்ளை, வேலை கிடைக்காது என்று தெரிந்த நாளில் கீழே போட்டுவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது சில உண்டு. ராத்திரி பத்து நிமிடம் மட்டையை இடது கையால் மட்டும் பிடித்து, பழைய டென்னிஸ் பந்தை வாசலில் இடம் வலமாகத் திருப்பச் சொல்லுங்கள். முதலில் கை வலிக்கும், ஒரு வாரத்தில் பழகும். பந்து இரண்டு காலுக்கும் நடுவில் ஒட்டி இருக்கக் கூடாது. கடிகாரத்தின் நடுவில் நிற்பதாக வைத்துக்கொண்டால் ஒரு மணி இருக்கும் திசையில், கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். எதிரே நின்று விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேளுங்கள். பந்தை உருட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். தலை தானாக நிமிரும். தாத்தா பாட்டி செய்யலாம் இந்த வேலையை, டிவி சீரியல் இடைவேளையில் செய்தாலும் போதும். மட்டை பிள்ளையின் உயரத்துக்குத் தகுந்ததாக இருக்கட்டும். அண்ணன் மட்டையைக் கொடுத்தால் பிள்ளை முழங்காலை மடக்காது, மட்டையோடு சண்டைதான் போடும். பல் கவசமும் முழங்கால் கீழே கட்டும் காப்பும் இல்லாமல் நிஜப் பந்தில் ஆடவிடாதீர்கள், அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். எங்கள் ஊர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் பதினான்கு பெண் குழந்தைகள் காலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். மட்டை ஐந்துதான் இருக்கிறது, முறை வைத்துப் பிடிக்கிறார்கள். திருச்சி, சென்னை, சிங்கப்பூர் பக்கம் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் குழந்தைகள் வளர்ந்து மூலையில் போட்ட மட்டை இருந்தால் சொல்லுங்கள். 34 முதல் 36 அங்குலம் வரை இருந்தால் சரியாக இருக்கும். கால் காப்பு எந்த அளவானாலும் பரவாயில்லை. தலை பிளந்த மட்டை வேண்டாம். பிடியில் டேப் கிழிந்திருந்தால் அனுப்புங்கள், நாங்களே புதிதாகச் சுற்றிக்கொள்கிறோம்.